நேராகக் கடிக்கும் எலி

சிலாவத்துறை
27.08.2012

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பிடித்தால் கதை கதையாக விட்டுச் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதோடு இங்கே சிக்னல் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏற வேண்டும். ஆறு மாதம் தாண்டிய வயிற்றோடு அது என்னால் ஆகாது. ஆகவே எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் வேண்டும். நெய்னார் நானாவின் மீன் லொறி வாரத்துக்கு இரண்டு தடவை காட்டுப் பாதையால் போய் வருகிறது. கடிதத்தை அவரிடம் கொடுங்கள்.

எனக்கு நாள் சொல்லியிருப்பது நவம்பர் நடுப்பகுதி. மழை பிடித்தால் எலுவன்குளத்துத் தாழ்ந்த சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு முன் உம்மாவைக் கொண்டுவந்து விட வேண்டும். அனுராதபுரம் சுற்றி பஸ்ஸில் வர அவவுக்கு ஏலாது. லொறியில் ஏறமாட்டாவாம். "என்ட மனிசன்ட ஜீப்பில எண்டால் வருவேன்" என்று பெருநாளன்று அவவே சொன்னது. வாப்பாவின் ஜீப் உங்கள் வளவில் நிற்கிறது. ஓட்டுவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். வேறென்ன வேண்டும்?

இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீடு பூசி முடிந்தது. கிணறு இறைத்தாயிற்று. பக்கத்து வளவில் மக்தலேனா அக்காதான். தொண்ணூறில் எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது, வள்ளம் ஏறும் நேரம் உம்மா ஆடுகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாவே, அவதான். தினமும் "கமீலா எப்ப வாறா?" என்று கேட்கிறா. ஒரு சிரிப்பு என்னவென்றால், அவவிடம் வெள்ளைக் காது ஆடு ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் கமீலா. பின்நேரமானால் "அடியே கமீலா, எங்க போய்த் துலைஞ்சா?" என்று கூப்பிடுகிறா. முதல் நாள் நான் திடுக்கிட்டுப் போனேன்.

செப்டம்பர் முடிவதற்குள் வாருங்கள்.

ஸஃப்னா


பள்ளிவாசல்துறை
04.09.2012

அருமை மருமகள் ஸஃப்னாவுக்கு,

கற்பிட்டி முதல் முந்தல் வரை சுகவீனமுற்ற எஞ்சின்களுக்கெல்லாம் ஹக்கீமும், வள்ளத்து மோட்டார்களின் ஆஸ்தான வைத்தியருமாகிய நூஹு மாமா ஸலாம் கூறி எழுதுவது.

உன் கட்டளை கிடைத்த மறுநாளே புறப்பட்டேன். புறப்பட்டேன் என்றால், சாரத்தை மாற்றி, தலையை வாரி, நம் பாதுஷாவின் ஆசனத்தில் அமர்ந்து திறப்பைத் திருப்பினேன். (உன் வாப்பாவின் ஜீப்பை நான் பாதுஷா என்றுதான் அழைப்பது. ஜீப் என்று கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை.) பாதுஷா இருமினார். இன்னொரு தரம் இருமினார். பிறகு ஒரு வெள்ளைப் புகை விட்டார் பார், மகள், சுப்ஹானல்லாஹ்! ஊர் மறைந்தது. கடல் மறைந்தது. மீன் பிடிக்கப் போன நாற்பது வள்ளம் பனிமூட்டம் என்று பயந்து பாதியில் திரும்பி வந்தன. எஞ்சின் மட்டும் எழும்பவில்லை.

காரணம், ஹீட்டர் பிளக். டீசல் எஞ்சினுக்குக் காலையில் நெஞ்சைச் சூடாக்கிவிடுகிற சாமான் அது. அது செத்தால் எஞ்சின் விடியும்வரை அல்ல, உலகம் முடிகிற கியாமத்து நாள்வரை படுத்திருக்கும். மற்றப்படி இந்த எஞ்சினைப் போல் நம்பிக்கையான எஞ்சின் ஏழு கடலிலும் இல்லை. மண்ணெண்ணெய் காட்டினால்கூட முகர்ந்துவிட்டு ஓடும்.

உன் கடிதத்தை உன் உம்மாவுக்கு உரத்து வாசித்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கு அவள் பெயர் என்ற இடம் வந்ததும், ஏற்கனவே தலை வெட்டிய சூடை மீனுக்கு இன்னொரு தரம் தலையை வெட்டினாள். "என்ட ஆட்டையெல்லாம் திண்டு ஏப்பம் விட்டவள், இப்ப என்ட பேரையும் கட்டி மேய்க்கிறாளா?" என்றாள். இது புதுக் கதை அல்ல. இருபத்திரண்டு வருடமாக இந்தத் துறையில் யார் வந்து குந்தினாலும் தேத்தண்ணியோடு மக்தலேனா தின்ற ஆட்டுக் கதையும் கிடைக்கும்.

பிளக் கிடைத்தால் புறப்படுவேன்.

மாமா


சிலாவத்துறை
10.09.2012

மாமா,

ஹீட்டர் பிளக் நாலு அனுப்பியிருக்கிறேன். மன்னாரில் உங்கள் மருமகன் ஃபஸ்லான் தேடி எடுத்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வாப்பாவின் ஜீப்போடு வந்த கைநூலும் என்னிடம் இருக்கிறது. நாலு பிளக்கும் ஒரே காலையில் சாகாது என்று அதில் இருக்கிறது. ஒன்று செத்தால் கொஞ்சம் குலுங்கும், கொஞ்சம் புகைக்கும், பிறகு ஓடும். நாலும் ஒன்றாகச் செத்தால் அவற்றை இணைக்கிற தகட்டைப் பாருங்கள் என்று போட்டிருக்கிறது. பார்த்தீர்களா?

இன்னொன்று. கற்பிட்டியில் இப்போது வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிறார்களாமே. அவர்களைக் கடற்கரை மணலில் ஏற்றி இறக்க ஜீப் தேடித் திரிகிறார்கள் என்று நெய்னார் நானா சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மைல் மீட்டரில் இன்று என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

ஸஃப்னா


பள்ளிவாசல்துறை
19.09.2012

சந்தேகப் பேரரசி ஸஃப்னா அவர்களின் சமுகத்துக்கு,

மைல் மீட்டர் உன் வாப்பா ஹயாத்தோடு, உயிரோடு இருந்த காலத்திலேயே நின்றுவிட்டது. எந்த எண்ணில் நின்றது என்று உனக்குத் தெரியும். என்னைப் பிடிக்க வேறு வலை வீசு.

தகட்டைப் பற்றி நீ எழுதியது சரி. தகடு இல்லை. இருந்த இடத்தில் வெறும் நட்டுத்தான். யார் எடுத்தார், எதற்கு எடுத்தார், அல்லாஹ்தான் அறிவான். செப்புக் கம்பியால் நானே ஒன்று முறுக்கிப் பூட்டினேன். உன் பிளக்கும் பூட்டினேன். முதல் திருப்பிலேயே பாதுஷா எழுந்தார். அந்த உறுமலில் பள்ளிவாசல் மினாராவிலிருந்த புறாவெல்லாம் எழும்பி இந்தியாவுக்கே போய்விட்டன, இன்னும் திரும்பவில்லை. உன் உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை. "சரியாப் போச்சா?" என்று கேட்டாள். "தங்கச்சி, மறுமை நாள்வரை ஓடும்" என்றேன்.

மறுமை நாள் வியாழக்கிழமையே வந்துவிட்டது. வளவு வாசலைத் தாண்டவில்லை, நின்றது. திருப்பினால் பிடிக்கிறது, நாலு மூச்சு விடுகிறது, சாகிறது. டீசல் எஞ்சினுக்கு இதுதான் பெரிய பலவீனம், மகள். பட்டினி கிடக்கும், தாகம் தாங்கும், காற்று மட்டும் தாங்காது. டீசல் வருகிற பைப்புக்குள் ஊசிமுனையளவு காற்றுப் புகுந்தால் போதும், பம்புக்கு மூச்சு முட்டிவிடும்.

குனிந்து பார்த்தேன். பைப் அறுந்து கிடந்தது. எலி. ஒல்லாந்தர் கோட்டை கட்டிய காலத்து எலியாக இருக்க வேண்டும், அவ்வளவு அனுபவம். ஒரே கடி, நேராக.

மாமா


சிலாவத்துறை
24.09.2012

மாமா,

எலி கடித்த பைப்பை நெய்னார் நானாவிடம் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்தது. நன்றி.

எலி கடித்தால் பல் பல்லாக இருக்கும். இது பாண் வெட்டியது போல் நேராக இருக்கிறது. வெட்டின நுனியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. உங்கள் ஊர் எலி மீன் கத்தி பாவிக்கிறதா?

நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். உம்மா வந்துவிட்டால் உங்களுக்குச் சோறு ஆக்க ஆளில்லை. மாமி மௌத்தான நாளிலிருந்து உம்மாவின் கையால்தான் சாப்பிடுகிறீர்கள். அதனால் நீங்களே தகட்டைக் கழற்றி, நீங்களே பைப்பை வெட்டி, எனக்கு எலிக் கதை எழுதுகிறீர்கள். அப்படி இல்லை என்று நீங்கள் சத்தியம் பண்ண வேண்டாம். உங்கள் சத்தியத்துக்கு எலிகூடச் சிரிக்கும்.

புதுப் பைப் இத்துடன் வருகிறது. இனி எது பழுதானாலும் அந்தச் சாமானை எனக்கு அனுப்ப வேண்டும். சாமானைக் காணாமல் நான் எந்தப் பழுதையும் நம்பமாட்டேன்.

உம்மாவுக்கு இந்தப் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். ஆட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று மக்தலேனா அக்காவிடம் கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிள்ளை, உங்கட சனமெல்லாம் போனாப்பிறகு ஊர் செத்துப்போய்க் கிடந்தது. பின்நேரத்தில வேலிக்கு மேலால கமீலா எண்டு கூப்பிட்டுப் பழகின வாய். கூப்பிட ஆளில்லை. அதுதான் குட்டிக்கு வச்சன். அது செத்தா அதின்ட குட்டிக்கு. பிறகு நாங்களும் இடம்பெயர்ந்து ஓடினம். செல்லடியில மற்ற ஆடெல்லாம் போச்சு. கட்டில், அலுமாரி எல்லாத்தையும் விட்டிட்டு ஒண்டை மட்டும் கயித்தில பிடிச்சுக்கொண்டு ஓடினன். நம்பி ஒப்படைச்சது, அமானிதம் எல்லோ? அந்தச் சொல்லை எனக்குச் சொல்லித் தந்ததே உங்கட உம்மா."

இதைச் சொல்லும்போது அவ என்னைப் பார்க்கவில்லை, ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா.

ஸஃப்னா


எலுவன்குளம்
08.10.2012

மகள் ஸஃப்னா,

இந்தத் தடவை பட்டம் பதவி ஒன்றும் போடவில்லை. மன்னித்துக்கொள்.

புதுப் பைப் பூட்டினேன். பத்து நாளாகத் தினமும் ஸ்டார்ட் பண்ணி, வளவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பிசகில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து புறப்பட்டோம். ஓம், புறப்பட்டோம். உன் உம்மாவும் நானும். எனக்கு முதலே அவள் போய் ஏறிக் குந்திவிட்டாள். மடியில் தலையணை. காலடியில் கட்டாக் கருவாடு ஒரு பொட்டலம். "ஆருக்கு?" என்று கேட்டேன். "பக்கத்து வளவுக்கு" என்றாள். பேர் சொல்லவில்லை.

பாலாவி, புத்தளம் எல்லாம் பட்டுப்போல் ஓடியது. வண்ணாத்திவில்லு தாண்டியதும் சூடு காட்டுகிற ஊசி ஏறத் தொடங்கியது. சிவப்பைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் இன்னும் ஒரு மைல் ஓட்டுகிறவன் எஞ்சினைக் கொன்றுவிடுவான். ஹெட் வளைந்து, கெஸ்கட் எரிந்து, எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். இந்த எஞ்சினுக்கு அது ஒன்றுதான் மரணம், மற்றதெல்லாம் தடிமன் காய்ச்சல். அதனால் நிறுத்தினேன். ட்ரெக்டர் ஒன்று இழுத்து வந்து எலுவன்குளத்தில் விட்டது. சாஹுல் ஹமீது என்ற ஒரு நல்ல மனிதரின் வீட்டில் இருக்கிறோம்.

நீ கேட்டபடி தெர்மோஸ்டாட்டை அனுப்புகிறேன். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற கதவு அது. திறக்காமல் இறுகிப்போய் இருந்தது. அழுக்காக இருந்ததால் கழுவித்தான் அனுப்புகிறேன்.

உன் உம்மா சுகம்.

மாமா


சிலாவத்துறை
11.10.2012

மாமா,

கழுவியிருக்கிறீர்கள். ஆனால் உள்ளேயிருக்கிற சுருளைக் கழுவவில்லை. அதில் வெள்ளையாக இருந்ததை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

கடல் தண்ணீர், மாமா. வாப்பாவின் ரேடியேட்டருக்குள் கடல் தண்ணீர். வள்ளத்து எஞ்சின் கடலைக் குடித்துக்கொண்டு ஓடும், ஜீப் குடிக்குமா? நாற்பது வருடம் எஞ்சினோடு கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள். தகட்டை மன்னித்தேன், பைப்பை மன்னித்தேன். யானைக் காட்டின் ஓரத்தில் உம்மாவை நடுத்தெருவில் நிற்கவைத்ததை மன்னிக்கமாட்டேன்.

இங்கே நேற்று மழை பெய்தது. இன்னும் இரண்டு மழை போதும், பாலம் மூடிவிடும் என்று நெய்னார் நானா சொல்கிறார். நீங்கள் நினைத்தது நடக்கப்போகிறது. எனக்கு மக்தலேனா அக்கா இருக்கிறா. பிள்ளையைச் சுற்ற இரண்டு பழைய சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறா. நீங்கள் உம்மாவைத் திருப்பிக் கூட்டிப்போய் வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

இனி எழுத வேண்டாம்.

ஸஃப்னா


எலுவன்குளம்
15.10.2012

மகள்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை உன் உம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டப்போவதில்லை.

தகடு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அரிசிப் பானைக்குள் கையை விட்டபோது அகப்பட்டது. சத்தமில்லாமல் திரும்ப அதற்குள்ளேயே போட்டு மூடினேன். பைப்பை வெட்டிய கத்தியும் எனக்குத் தெரியும். இருபது வருடமாக அந்தக் கத்தி வெட்டிய மீனைத்தானே தின்கிறேன். நீ எழுதியது சரி, எலி மீன் கத்தி பாவித்தது. ஆனால் எலி நான் இல்லை.

உன் கடிதம் வந்து, மக்தலேனாவின் பெயர் வந்த அடுத்த நாள்தான் தகடு போனது, எஞ்சின் எழும்பியதும்தான் பைப் போனது. நீ சந்தேகப்பட வேண்டிய பக்கம் அது. அவளுக்கு வர விருப்பமில்லை, மகள். உன்னிடம் அல்ல, அந்த வேலிக்கு. ஆட்டைத் தின்றவள் என்று ஊர் முழுக்கச் சொன்னவள், ஆட்டைக் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறவளின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? தின்றிருந்தாலாவது வந்து நாலு ஏச்சு ஏசியிருப்பாள். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எலியை வளர்த்தேன். பொய் எனக்குப் பாரமில்லை என்று உனக்குத் தெரியும்.

இப்போது உப்புத் தண்ணீர். இதைக் கவனமாக வாசி.

ஆடு, அமானிதம் என்று நீ எழுதிய கடிதத்தை வாசித்தேன். அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை. பாணும் பருப்பும் வாங்கித் தின்றேன். மறுநாள் என்னிடம் வந்து, "நானா, வாகனத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கா?" என்று கேட்டாள். "பிறகு ஊத்துவம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர் என்று உனக்குத் தெரியும், குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அவள் அதைத் தொட மனமில்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறாள். மூன்று வாளி. எல்லா வள்ளமும் இதைத்தானே குடிக்கிறது என்று நினைத்திருக்கிறாள். கெடுக்க அல்ல, மகள். ஓட வைக்க. இரண்டு மாதத்தில் அந்த எஞ்சினுக்கு அவள் செய்த ஒரே நன்மை அதுதான். அதுதான் எஞ்சினை நிறுத்தியது.

வண்ணாத்திவில்லுக்கு அப்பால் ஆவி பறந்தபோது என்னோடு சேர்ந்து அவளும் இறங்கினாள். "தண்ணி காணாதா நானா? நான் நிறைய ஊத்தினேனே" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, அதைவிட வேறொன்றும் வந்தது. "தங்கச்சி, அது நல்ல தண்ணீர்தான், எஞ்சின்தான் கெட்டது" என்றேன். இதுவரை அவளுக்கு அந்தக் கதைதான். தெர்மோஸ்டாட்டை நான் கழுவியது அதற்காக.

மூன்று நாளாகக் குளத்துத் தண்ணீர் விட்டு ரேடியேட்டரைக் கழுவினேன், இனிப்பாகும்வரை. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓடும், கொஞ்சம் குளிர்ந்து ஓடும், அவ்வளவுதான். பாலத்தில் இப்போது முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நாளை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுகிறோம்.

இந்தக் கடிதம் நெய்னாரின் லொறியில் எனக்கு முன்னே வரும். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு. அவள் வந்து இறங்கும்போது உப்பைப் பற்றி ஒரு சொல் கேட்காதே.

மாமா


பள்ளிவாசல்துறை
06.01.2013

அமானி என்ற மாணிக்கத்தைப் பெற்ற மருமகளுக்கு,

ஏழு கடலின் எஞ்சின் வைத்தியர் நூஹு, பசியால் பாதியாகி, ஊசிநூல் பருமனில் எழுதுவது.

பிள்ளைக்கு நாற்பதும் கழிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். நான் ஆக்கிய சோற்றைப் போன கிழமை காகத்துக்கு வைத்தேன். காகம் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் உறவுக்காரர்களோடு வந்து முறையிட்டது. பாதுஷாவை உங்களிடம் விட்டுவிட்டு லொறியில் திரும்பியது என் வாழ்க்கையின் மிகப் பெரிய தியாகம். பாலத்தில் வெள்ளம் வடிந்துவிட்டதாம். ஃபஸ்லான் ஜீப்பையும் என் தங்கச்சியையும் கொண்டுவந்து விடட்டும்.

அந்த நாள் அடிக்கடி ஞாபகம் வருகிறது. பாதை முழுக்க அவள் என்ன சொல்வது என்று வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டே வந்தாள். வேலியடியில் மக்தலேனா "கமீலா!" என்று கூப்பிட்டதும் ஆடும் அவளும் ஒன்றாகத் திரும்பினார்கள். பாடமாக்கியதெல்லாம் போய்விட்டது. "ஆடு மெலிஞ்சு போச்சே" என்றாள். "நீயுந்தான்" என்றாள் மற்றவள். இருபத்திரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. நான் எஞ்சினைப் பார்ப்பதுபோல் பொனெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சீக்கிரம் அனுப்பு. நான் இறந்தால் பாவம் உனக்கு.

மாமா


சிலாவத்துறை
10.01.2013

மாமாவுக்கு,

ஸலாம். அமானி சுகம். உம்மா சுகம்.

ஃபஸ்லான் நேற்று உம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்படத்தான் இருந்தார். பாதுஷா எழும்பவில்லை. பிடிக்கிறது, நாலு மூச்சு விடுகிறது, சாகிறது. டீசலுக்குள் காற்றுப் போயிருக்கும் என்று உம்மாவே சொன்னா. இந்த எஞ்சினை நம்பிக் காட்டுப் பாதையில் பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மக்தலேனா அக்காவும் வேலிக்கு மேலால் சொன்னா. இருவரும் டீசல் எஞ்சின் பற்றி இவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் பைப்பை இத்துடன் அனுப்புகிறேன். வெட்டு நேராக இருக்கிறது. நுனியில் ஒட்டியிருப்பது மீன் செதில் அல்ல, வெள்ளை ஆட்டுமயிர்.

புதுப் பைப் அனுப்ப வேண்டாம். சாரத்தை மாற்றி, தலையை வாரிக்கொண்டு நீங்கள் லொறியில் ஏறுங்கள். சோறு இங்கே இருக்கிறது.

பைப்பை நன்றாகப் பார்த்தேன், மாமா. எலிதான்.

ஸஃப்னா